தீபாவளி நோம்பி லீவுக்குக் கடலுக்குப் போறோம் அக்கா!

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எங்களுக்குக் கல்யாணமாகி 11 வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் அதே கம்பெனியில் செக்கிங். மாமனார் காலத்தில் வீட்டில் தறி ஓடியது, இப்போது இல்லை. இந்தத் தீபாவளி போனஸில் 12,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து எங்காவது கடற்கரைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய் வரலாம் என்று இருக்கிறோம். நான் கடலைப் பார்த்தது ஒரே தடவைதான். ஊரே சேர்ந்து வேனில் திருச்செந்தூர் போனபோது. அரை மணி நேரம்கூட நிற்க விடவில்லை. அவருக்குக் கோவா போக ஆசை. நாலு நாளில் முடியுமா? பிள்ளைகள் இரண்டு பேரையும் எங்கள் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவது தப்பா? மாமியார், "ஊரு என்ன சொல்லும்?" என்கிறார்.
– ஒரு வாசகி, சென்னிமலை

பதில்: அம்மிணி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. பிள்ளைகளுக்கும் நாலு நாள் அமுச்சி வீடு கிடைக்கும். உங்கள் மாமியாருக்கு என் சார்பில் ஒன்று சொல்லுங்கள். எனக்குக் கல்யாணமானது 1989-ல். பழனி, திருப்பதி, மருதமலை என்று எத்தனையோ போனோம், எல்லாமே ஒறம்பறையோடு. நானும் அவரும் மட்டும் பை எடுத்துக்கொண்டு ஊரைத் தாண்டியது 2013-ல், மகளைக் கட்டிக்கொடுத்த அடுத்த வருஷம். கேரளத்தில் கண்ணூர்க் கடற்கரையில் ஒரு தட்டுக்கடையில் டீ வாங்கினோம். அவர் என் கிளாஸைப் பார்த்து, "நீ சர்க்கரை கம்மியாக் குடிக்கறது உனக்குப் புடிச்சா, எனக்காகவா?" என்று கேட்டார். 24 வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி. வீட்டில் ஒரே போசியில் டீ போட்டு எல்லோருக்கும் ஊற்றுவோம், அவருக்கு இனிப்பு ஆகாது, நானும் அப்படியே பழகிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இன்னொரு டீ சொன்னார், ரெண்டு ஸ்பூன் சர்க்கரையோடு. உங்களுக்கு 11 வருஷத்திலேயே போகத் தோன்றியிருக்கிறது. போய் வாருங்கள்.

கோவாவை இந்தத் தடவை விட்டுவிடச் சொல்லுங்கள். ஈரோட்டிலிருந்து போக வர எப்படியும் ஒன்றரை நாளுக்கு மேல் ரயிலுக்கே போய்விடும். நோம்பி லீவில் அங்கே அறை வாடகை ஏறிக் கிடக்கும். ஒரு கடற்கரைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் தூரம் அதிகம், வண்டி வாடகை தனி. நான் தபால் ஆபீஸ் கவுன்டரில் 31 வருஷம் சில்லறை எண்ணியவள். ஊர் சுற்றி வந்ததும் நோட்டில் கணக்கு எழுதிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் கை கடித்தது சோற்றுக்கோ அறைக்கோ இல்லை, இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இன்னோர் இடம் என்று ஓடியதற்குத்தான். கடலுக்கு டிக்கெட் கிடையாது. ஒரு ஊரில் ஒரே அறை, மூன்று ராத்திரி. அவ்வளவுதான் என் யோசனை.

ஊர் கண்ணூர். நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிற வரைக்கும் மேற்குக் கடல்தான் கிட்டம். இன்னொரு காரணம் ஐப்பசி மாசம். அப்போது வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத்தான் பிடிக்கும். புதுச்சேரி, ராமேஸ்வரம் பக்கம் புயல் செய்தி பார்த்துக்கொண்டே பை கட்ட வேண்டியிருக்கும். கேரளத்தில் அதே சமயம் துலா மழை. காலையில் வெயில் நன்றாக அடிக்கும், மத்தியானத்துக்கு மேல் கருத்துக்கொண்டு இடியோடு கொட்டும். அதனால் கடலை விடியலிலிருந்து பதினொரு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இடிச்சத்தம் கேட்டுவிட்டால் மணலில் ஒரு நிமிஷமும் நிற்க வேண்டாம், கட்டிடத்துக்குள் போய்விடுங்கள்.

சென்னையிலிருந்து வருகிற மங்களூர் மெயில் நடுச்சாமத்துக்கு மேல் ஈரோட்டைத் தாண்டி, காலையில் கண்ணூரில் இறக்கிவிடும். இதில் ஒரு சங்கதி. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஏறுவதால், ஈரோட்டில் ஏறும் தேதி அடுத்த நாள் தேதி. வெள்ளிக்கிழமை ராத்திரி சோறு தின்றுவிட்டுக் கிளம்புகிறோம் என்று வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டு, ரயில் முந்தின ராத்திரியே போய்விட்டதைப் பிளாட்பாரத்தில் வந்து தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். தேதியை இரண்டு பேரும் தனித்தனியே பாருங்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாள்தான், முன்பு போல 120 இல்லை. போனஸ் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் சீட் போய்விடும். சிலீப்பரில் ஆளுக்கு முந்நூறுக்குள்தான் ஆகும், இப்போதே சேர்த்து வைத்து 60-ஆம் நாள் காலையில் போட்டுவிடுங்கள். நோம்பிக்கு முந்தின நாள் கிளம்ப வேண்டாம். வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஒப்பிட்டு சுட்டு, பெரியவர்களோடு நோம்பி கும்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் கிளம்பினால் மாமியார் மனசும் குளிரும்.

திரும்பி வரும்போது விடியற்காலையில் கண்ணூரில் புறப்பட்டு மத்தியானம் கோவை வருகிற ரயிலில் வாருங்கள். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாரதப்புழையைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் நடுவில் முழப்பிலங்காடு என்று ஒரு கடற்கரை. சுமார் 4 கிலோமீட்டர் நீளம். மணல் சிமென்ட் போட்ட களம் மாதிரி இறுகிக் கிடக்கும், காரும் பைக்கும் அதன் மேலேயே ஓடும். கடலுக்குள் கருப்புப் பாறைகள் வரிசையாக நின்று அலையின் வேகத்தை வாங்கிக்கொள்வதால் கரையோரம் தண்ணீர் ஆழமில்லாமல் சாதுவாக இருக்கும். கடலுக்குப் புதுசான உங்களுக்கு இதுதான் தோது. கண்ணூர்–தலச்சேரி தனியார் பஸ் ஓயாமல் ஓடும். தங்குவது கண்ணூர் டவுனுக்குள் வேண்டாம், முழப்பிலங்காட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டே பாருங்கள். 1,200-லிருந்து 1,500 ரூபாய்க்குள் இரண்டு பேருக்கு அறை பேசலாம்.

அறை விஷயத்தில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். ஒரு தடவை, கண்ணூர் இல்லை, வேறு ஊர். போனில் ஒரு வாடகை சொன்னார்கள், பையோடு போய் நின்றதும் நோம்பிக் கூட்டம் என்று சொல்லி அதில் பாதி கூடக் கேட்டார்கள். ராத்திரி எட்டு மணி, மழை வேறு. கொடுத்துவிட்டுத்தான் தங்கினோம். அந்த இரண்டு நாளும் எனக்கு அந்தக் கடல் பிடிக்கவே இல்லை. அப்புறமேட்டு நான் எப்போதும் வாடகை, தேதி, எத்தனை ராத்திரி, வெந்நீர் உண்டா என்று நாலு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிய பிறகுதான் முன்பணம் போடுகிறேன். குளியலறை போட்டோவையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பேருடைய ஆதாரும் அசல் வேண்டும்.

முழப்பிலங்காட்டின் தெற்கு முனைக்கு எதிரே தர்மடம் தீவு. கரையிலிருந்து நூறு மீட்டர் சொச்சம்தான். தண்ணீர் வற்றும்போது நடந்தே போகலாம். இங்கேதான் உங்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிற நோம்பி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த இரண்டு மூன்று நாளில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக உள்வாங்கும், அதே அளவு அதிகமாக ஏறியும் வரும். நீங்கள் போகிற நாள் சரியாக அந்த நாள். தீவுக்கு நடக்க வழி நன்றாகத் தெரியும், ஆனால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் வந்த வழி இருக்காது.

நாங்கள் போன அன்று பாறையில் இரண்டு பேர் கடுக்கா எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடுக்கா என்றால் நம் வைத்தியக் கடுக்காய் இல்லை, பாறையில் ஒட்டி வளரும் கருப்புச் சிப்பி. இடுப்பில் வலைப்பை, கையில் தட்டையான ஒரு இரும்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குவார்கள், பாறையை இரும்பு கொத்துகிற சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து "டொக் டொக்" என்று வரும், ஒரு கொத்துச் சிப்பியோடு மேலே வருவார்கள். விரல் நுனியெல்லாம் சின்னச் சின்ன வெட்டு. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம். அதில் பெரியவர் ஒருவர் எங்கள் கால் பக்கம் கையைக் காட்டி, "வேலியேற்றம், வேலியேற்றம்" என்று சத்தம் போட்டார். கணுக்கால் வரை இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் நடக்க, இழுப்பு காலில் தெரிந்தது. கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தால் நடந்து வந்த தடமே இல்லை. வேலியிறக்கம் என்றால் வற்றம், வேலியேற்றம் என்றால் ஏற்றம். போனதும் அங்கே மீன் பிடிக்கிறவர் யாரிடமாவது "வேலியிறக்கம் எப்போ?" என்று கேளுங்கள். ஒரு நாளில் இரண்டு தடவை வரும், நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். அதனால் நேற்றைய நேரத்தை வைத்து இன்றைக்கு இறங்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். முதல் நாளுக்கு வீட்டிலிருந்தே சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே மத்தியானம் "ஊணு" என்று எழுதிய சின்னக் கடையாகப் பார்த்து உட்காருங்கள். சிவப்பு மட்டை அரிசி, நம் பொன்னிச் சோறு போல இருக்காது, பருக்கை பருக்கையாக நிற்கும். குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம், பதிமுகம் என்ற மரச்சிராய் போட்டுக் கொதிக்க வைத்தது. ஒரு வேளை தலச்சேரி பிரியாணி கட்டாயம் சாப்பிடுங்கள். நம்மூரில் சீரகச் சம்பா போல அங்கே கைமா அரிசி, குட்டையாக, வாசனையாக. காரம் நமக்குக் கம்மிதான். அரிசி மாவை அடைத்து வேகவைத்துப் பொரித்த கடுக்கா ஒரு தட்டு வாங்கிப் பாருங்கள். அந்தப் பெரியவரின் விரல்களைப் பார்த்த பிறகு நான் ஒன்றைக்கூட மிச்சம் வைத்ததில்லை.

மழை பிடித்த ஒரு மத்தியானத்துக்குக் கண்ணூர்க் கோட்டை இருக்கிறது. போர்த்துகீசியர்கள் 1505-ல் கட்டத் தொடங்கியது, சுவரடியில் கடல். உங்கள் வீட்டுக்காரர் தறிக்குடும்பம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கண்ணூரும் சென்னிமலை மாதிரி கைத்தறி ஊர்தான். 19-ஆம் நூற்றாண்டிலேயே பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் அங்கே நெசவுச்சாலை வைத்தார்கள். கைத்தறிச் சங்கம் ஏதாவது கண்ணில் பட்டால் உள்ளே போய்த் தறிச்சத்தத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் பாவு, ஊடை என்றால் அங்கே புரியும்.

கணக்கு: ரயில் போக வர இரண்டு பேருக்கும் 1,200. அறை மூன்று ராத்திரிக்கு 4,500. சாப்பாடு நாளுக்கு 700 வீதம் 2,800. பஸ், ஆட்டோ 800. கோட்டை, டீ, பிள்ளைகளுக்குச் சிப்ஸ், அல்வா எல்லாம் சேர்த்து 500. 9,800 ஆயிற்று. மீதி 2,200-ஐ வேறொரு பையில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கோ வண்டி தவறினாலோ மட்டும் எடுங்கள். எடுக்காமல் திரும்பினால், அதில் உங்களுக்கு ஒரு சேலை. அது என் ஆசை.

கேள்வி: கிணற்றிலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலிலும் சின்ன வயசிலிருந்து நீந்துகிறவன் நான். மனைவியோடு கேரளக் கடற்கரைக்குப் போகிறேன். தைரியமாகக் கடலில் நீந்தலாமா?
– 27 வயது வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, நம் ஆழியாற்றுத் தண்ணீரும் சித்தூர்ப்புழை, பாரதப்புழை வழியாகப் பொன்னானியில் போய்க் கடலில்தான் சேர்கிறது. ஆனால் வாய்க்காலில் கற்ற நீச்சல் அங்கே பாதிதான் செல்லும். கிணற்றில் தண்ணீர் நிற்கும், வாய்க்காலில் ஒரே பக்கம் போகும், இரண்டு பக்கமும் கரை. கடலில் அலை கரைக்குக் கொண்டுவந்து போட்ட தண்ணீர் எல்லாம் திரும்பப் போக ஒரு சந்து பிடிக்கும். அந்தச் சந்தில் அலை உடையாது, வெள்ளை நுரை இருக்காது, பார்க்க அமைதியாகக் கொஞ்சம் கருத்துத் தெரியும். இதுதான் இறங்கத் தோதான இடம் என்று நினைத்து நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே அதில் இறங்குகிறார்கள். அது உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அப்படி மாட்டினால் கரையைப் பார்த்து நேராக நீந்தக் கூடாது, கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை உடைகிற இடத்துக்கு வந்து, அங்கிருந்து அலையோடு கரைக்கு வர வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டு கையைத் தூக்கி ஆட்டுங்கள்.

இன்னொன்று, கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வைத்த பெயர். காற்றில்லை, மழையில்லை, வானம் வெளுத்திருக்கும், திடீரென்று பேரலை கரையேறும். தெற்கே எங்கோ வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் அடிமுனையில் அடித்த புயலின் அலை அது, நாள் கணக்கில் ஓடிவந்து இங்கே சேர்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது, கேரளத் தொலைக்காட்சிகளிலும் சொல்வார்கள். அன்றைக்குக் கால் நனைக்கக்கூடப் போகாதீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்குக் கடலில் குளியலே வேண்டாம். மற்ற நாளில் உயிர்காப்பாளர் நிற்கிற கரையாகப் பார்த்து, இடுப்பளவுத் தண்ணீரில், மனைவி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நீந்துங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் பென்ஷனில் இருக்கிறோம். வயது 68, 63. தனுஷ்கோடி பார்க்க ஆசை. எப்போது போகலாம்? ரயிலில் மூத்தோர் சலுகை திரும்ப வந்துவிட்டதா?
– நாமக்கல் வாசகர்

பதில்: ஐயா, 2020 மார்ச்சில் நிறுத்திய சலுகையை நம்ப வேண்டாம், முழுக் கட்டணம் வைத்தே கணக்குப் போடுங்கள். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது மூத்தோருக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரை அதில் போடலாம், உங்கள் இருவருக்கும் பொருந்தும். தை, மாசியில் போங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை 2017-லிருந்து சாலை இருக்கிறது, பஸ்ஸே போகிறது, முன்போல மணலில் வேனில் குலுங்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் புயலில் போன ஊரின் தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. சாலையின் ஒரு பக்கத்தைப் பெண் கடல் என்றும் மறுபக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள், ஒன்று அமைதி, ஒன்று மூர்க்கம். எதிலும் குளிக்க வேண்டாம். அங்கே நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். பொழுது சாயும் முன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து கப்பலில் அந்தமான் போனால் செலவு குறையுமாமே? எங்களுக்கு ஐந்து நாள் லீவு.
– கரூர் வாசகி

பதில்: கப்பல் போய்ச் சேரவே கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும், கண்ணு. ஐந்து நாளில் நடக்காது.

கேள்வி: எனக்குச் சேலைதான் பழக்கம். கடலில் சேலையோடு இறங்கலாமா அக்கா? வேறு துணி உடுத்த வெட்கமாக இருக்கிறது.
– காங்கேயம் வாசகி

பதில்: கால் நனைக்கச் சேலை போதும், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு நில்லுங்கள். முழங்காலுக்கு மேல் இறங்குவதானால் சேலை வேண்டவே வேண்டாம். அஞ்சரை மீட்டர் துணி நனைந்தால் என்ன கனம் என்று துவைக்கிற உங்களுக்கே தெரியும். அலை திரும்பும்போது மணலும் துணிக்குள் ஏறிக் காலைச் சேர்த்துக் கட்டிவிடும், எழுந்திருக்க விடாது. கண்ணூரில் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. முழங்கால் தண்ணீர்தான், விழுந்தவரைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. நைட்டியும் இதே கதைதான், அலையில் தலைக்கு மேல் ஏறும். பழைய சுடிதார் ஒன்று, கால் பக்கம் இறுக்கமாக இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். துப்பட்டா கரையில் இருக்கட்டும். நூல் துணி காய நேரமாகும், பாலியஸ்டர் நல்லது, கருநீலம் அல்லது கருப்பு நிறம் என்றால் நனைந்தாலும் தெரியாது, வெட்கமும் பாதி குறையும். நான் முதல் தடவை என் மகளுடைய காலேஜ் சுடிதாரைத்தான் போட்டுக்கொண்டு இறங்கினேன். கடலில் இறங்கும்போது கழுத்தில் தாலிக்கொடியைப் பின் போட்டு உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள், கொலுசையும் கம்மலையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.